எஞ்சினுக்குப் பின்னால் ஒரு சாண் குழாய்

உட்காருங்கள். வண்டி சூடாகுமா என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்கு முன்னால், இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் ஒரு மூடநம்பிக்கையை நான் அகற்றியாக வேண்டும். அகற்றாமல் உங்களுக்கு வண்டியை விற்றால் அது பாவம்.

எஞ்சினைத் தண்ணீர்தான் குளிர வைக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? தவறு. தண்ணீர் எதையும் குளிர வைப்பதில்லை. குளிர வைப்பது காற்று. தண்ணீர் வெறும் சுமைதூக்கி. எஞ்சினிடம் சூட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கும். அங்கே காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும். முப்பத்துமூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். இதைச் சரியாக எழுதியவன் ஒரே ஒரு மாணவன். அவன் இப்போது செல்போன் உறை விற்கிறான்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். நான் போட்டதுதான். சர்க்கரை அதிகமாக இருந்தால் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்ததும் வராததுமாக முன் டயரைக் காலால் உதைத்தீர்கள். அது உங்களிடம் என்ன சொல்லிற்று? கார் வாங்க வருகிற எல்லோரும் உதைக்கிறார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. சரி, விடுங்கள். எஞ்சினைப் பிரித்துக் கை வைத்திருக்கிறார்களா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அது நல்ல கேள்வி. கை வைத்திருக்கிறார்கள். யாருடைய கை என்பதில்தான் கதையே இருக்கிறது.

என் மகள் மங்கையர்க்கரசியை ஓசூரில் கொடுத்திருக்கிறோம். மங்கை என்று கூப்பிடுவோம். இந்த வருடம் சித்திரையில் அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டில் நடத்திவிட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை இங்கே பாளையங்கோட்டைக்குக் கூட்டி வருவதாகப் பேச்சு. இங்கிருந்து ஓசூர் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர். ரயில் என்றால் அந்தக் கழிப்பறை நாற்றத்துக்கே அவளுக்குக் குமட்டும். பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அப்படியானால் கார். சம்பந்தி செண்பகராமன் போனில் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க வண்டிக்குப் பதினொரு வயசாச்சே. அவ்வளவு தூரம் பிள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போவ முடியுமா? நடுவழில நின்னுட்டா? இங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு."

அவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பார். நான் சொன்னேன், "வண்டி சரியாக வந்து சேர்ந்தால் பெண்ணை அனுப்புவீர்கள்தானே?" "வந்து சேந்தா என்னத்துக்கு அனுப்பாம இருக்கப் போறேன்?" என்றார். நல்லது. எனக்கு அது போதும்.

அன்று மத்தியானமே மங்கை தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, வண்டிய நல்லாப் பாத்து எடுத்துட்டு வாங்கப்பா. நான் நம்ம வீட்டுக்கு வரணும்."

"ஏன், அங்கே ஏதாவது பிரச்சினையா?" என்றேன்.

"இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்கப்பா. அதான் பயமா இருக்கு. வலி வந்தா கத்தக்கூட கூச்சமா இருக்கும். எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்."

பார்த்தீர்களா, அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் வெட்கமில்லாமல் கத்துவதற்கு ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர்.

மெக்கானிக் பீர் முகமதுவிடம் வண்டியைக் காட்டினேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "சார், பின்னால ஒரு டியூப் கசியுது."

டியூப்! அவனுக்கு எல்லாமே டியூப். எஞ்சினுக்குப் பின்பக்கம், டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கிற தகரச் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில், எஞ்சின் தண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டு போகிற ரப்பர் ஹோஸ் அது. ஒரு சாண் நீளம். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கீழே இருந்து பார்த்தால் பாதி தெரியும். கை நுழைகிற இடம் இவ்வளவுதான், இதோ, இந்தக் காபி டம்ளர் வாய் அகலம்.

"இது ஹீட்டர் டியூப் சார். பாளையங்கோட்டைல எவன் ஹீட்டர் போடுதான்? ரெண்டு முனையையும் முன்னாலயே சேத்து பைபாஸ் போட்டுருவோம். அரை மணி நேரச் சோலி. ஓசூர் இல்ல, காசிக்கே போயிட்டு வரலாம்."

என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பொறியாளர் உட்கார்ந்து, கணக்குப் போட்டு, வரைந்து, சோதித்து ஒரு பாகத்தை வைத்திருக்கிறார். இவன் அதை வேண்டாம் என்று சுருட்டிக் கட்டுகிறானாம். வயிற்று வலி என்று போனவனுக்குக் குடலை முடிச்சுப் போட்டு அனுப்புகிற வைத்தியம். "பீர், இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்க்காதே. புது ஹோஸ் போடு" என்றேன்.

"புதுசு போடணும்னா மேல இருக்க பாதி சாமானத்த எறக்கணும் சார். மூணு நாளாவும். நீங்க வியாழக்கிழமை கெளம்பணும்ங்கிய. எடுக்காமப் போடலாம்னா எங்கையி உள்ள போவாது." தன் கையைத் தூக்கிக் காட்டினான். வாழைத்தண்டு மாதிரி மணிக்கட்டு. "உங்க கையும் போவாது."

"போகும்" என்றேன்.

போகவில்லை. அது என் கையின் குறை அல்ல, இடத்தின் வடிவியல். ஆனால் அதற்குள் ஒரிஜினல் ஹோஸ் வாங்கியாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பக்க சர்வீஸ் மேனுவலை அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டாயிற்று. பீர் அதைப் பார்த்து, "எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டான். அந்த ஆச்சரியத்தில் கேலி இருந்ததா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை, இந்த வாசலில்தான், பழைய ஹோஸை ஒரு வழியாக அறுத்து எடுத்துவிட்டேன். அறுப்பதற்குக் குறடு போதும். புதிதைப் போடுவதற்குத்தான் கை வேண்டும். ஒரு மணி நேரம் முயன்று, முழங்கையில் இரண்டு இடத்தில் தோல் போனபோது என் மனைவி ஆவுடை வந்து நின்றாள்.

"அங்கிட்டு நவுருங்க. எங்கையி போவும்."

எப்படிப் போகும் என்று கேட்டேன். என் கையை விட அவள் கை அரை அங்குலம்தான் சிறியது, அளந்திருக்கிறேன். அவள் சோப்பை எடுத்து வந்து கையில் நுரை பூசினாள். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள், புறங்கை எலும்புகளை இன்னொரு கையால் ஒன்றாக அமுக்கினாள், கை பூனை மாதிரி நீண்டுகொண்டு உள்ளே போய்விட்டது. வளையல் கடையில் சின்ன அளவு வளையலை ஏற்றுவதற்கு அந்தக் கடைக்காரர்கள் செய்கிற வித்தை. ஆறு வயதிலிருந்து வருடத்துக்கு நாலு தடவை அதைச் செய்து பழகிய கை. முப்பது வருடமாக நான் "வீண் செலவு" என்று சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஓர் இயந்திரவியல் பயன் இருப்பதை அன்றுதான் கண்டேன். கண்டுபிடித்தது நான் என்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்க வளையல்களைக் கழற்றி வைத்திருந்தாள். ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை மட்டும் மேலே ஏற்றி விட்டிருந்தாள். "அதையும் கழற்று, இடிக்கும்" என்றேன். "பிள்ளைக்கு வளையல் வாங்கி வச்சிருக்க வீட்ல மொட்டைக் கையோட நிக்கமாட்டேன்" என்றாள். உலோகத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் சம்பந்தமில்லை, கண்ணாடிக்கும் இல்லை என்று சுருக்கமாகத்தான் சொன்னேன். கால் மணி நேரம் இருக்கும். அதுவரை அவள் கை உள்ளேயேதான் இருந்தது.

பிறகு வேலை. நான் மேனுவலைப் படிக்க, அவள் செய்ய. பக்கம் இருநூற்றுப் பதினேழு. ஹோஸைக் குழாயின் மேல் தள்ள வேண்டும். அதன் மேல் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கிறது; அதைச் சின்னக் கொக்கி ஒன்று திறந்தபடி பிடித்திருக்கும். குழாயின் விளிம்பைத் தாண்டி ஹோஸ் ஏறியதும் கொக்கியைத் தட்டிவிட்டால் கிளிப் 'டக்'கென்று மூடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "டக் என்ற ஒலி கேட்பதை உறுதி செய்க" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

அவள் முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். நான் காதைக் கொடுத்து நின்றேன். 'டக்.'

"ஆயிற்று. கையை எடு" என்றேன்.

அவள் அசையாமல் நின்றாள். "அது இல்ல."

"எது இல்லை?"

"கிளிப்பு இன்னும் மூடல. வெரலுக்கு அசையுது."

"டக் என்று கேட்டதா இல்லையா?"

"கேட்டுது. ஆனா அது கிளிப்பு இல்ல."

"பின்னே என்ன?"

பதில் இல்லை. நன்றாகக் கவனியுங்கள்: பதில் இல்லை. நான் மறுபடியும் கேட்டேன். "உள்ளே டக்கென்று சத்தம் போடக்கூடியது வேறென்ன இருக்கிறது? சொல்." அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். "ஆனா இன்னொரு தடவ தள்ளிப் பாக்கேன்."

நான் தடுத்தேன். மூடிய கிளிப்பைத் திரும்பத் தள்ளினால் அது நெளிந்துவிடும். ஒலி என்பது என் பாடம். விரல் உணர்ச்சி என்பது யாருடைய பாடமும் இல்லை. மேனுவல் ஒலியைத்தான் கேட்கச் சொல்கிறது. கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோல் உரசியிருக்கும் என்று நினைத்தேன்.

மாலையில் பீர் வந்து ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினான். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அவன் என்னைக் கும்பிட்டே விட்டான். "அக்கா கையத்தான் சார் சொல்லணும்" என்றான். உதவியாளர்களைப் பாராட்டுவது அவன் வழக்கம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின் சீட்டில் வளையல் பெட்டி, புடவை, பழத்தட்டு, ஆவுடை இரண்டு நாள் உட்கார்ந்து சுட்ட அதிரசம் ஒரு டின். மதுரை, திண்டுக்கல், கரூர். வண்டி எண்ணெய் மாதிரி போயிற்று. நாமக்கல் தாண்டியதும் ஆவுடை மூக்கைச் சுருக்கினாள்.

"ஏங்க, வெல்லப்பாகு வாசன வருது."

"பின்னால் அதிரச டின் இருக்கிறது" என்றேன்.

"அதிரச வாசன எனக்குத் தெரியாதா? இது வேற. சூடான பாகு."

"சூடான காரில் இருக்கிற அதிரசம் சூடான பாகு வாசனைதான் வரும்."

சேலத்தில் இன்னொரு தடவை சொன்னாள். "வண்டிய ஓரமா நிப்பாட்டி ஒரு தடவ பாத்துருங்களேன். பிள்ளைய ஏத்திக்கிட்டு வரணும்லா." நான் வெப்பமானியைக் காட்டினேன். முள் நட்டநடுவில் நின்றது. கருவி ஒன்று சொல்ல, மூக்கு ஒன்று சொன்னால் படித்தவன் எதை நம்புவான்? நீங்களே சொல்லுங்கள். கூலன்டில் கலந்திருக்கிற கிளைகோல் என்ற ரசாயனம் சூடானால் இனிப்பாக மணக்கும் என்பது உண்மைதான். அது வேதியியல். என் பாடமல்ல.

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், லாரிகளுக்கு நடுவில், எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. எழுபது வயதுக்காரர் நாற்காலியிலிருந்து எழும்போது போடுகிற சத்தம். பிறகு முன்னால் வெள்ளையாக ஆவி. பிறகு நின்றுவிட்டது. முள் அப்போதும் நடுவில்தான் இருந்தது! அதற்கும் விளக்கம் இருக்கிறது. அந்த முள் எஞ்சினின் சூட்டைச் சொல்வதில்லை, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற தண்ணீரின் சூட்டைச் சொல்கிறது. தண்ணீரே போய்விட்ட பிறகு அது எதைச் சொல்லும்? முள் பொய் சொல்லவில்லை. நானும் தவறாகப் படிக்கவில்லை.

இழுவை வண்டி வைத்துத் தர்மபுரியில் ஒரு ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த மெக்கானிக் கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியைப் பின்பக்கம் விட்டுப் பார்த்தான். "ஹோஸ் கழண்டு தொங்குதுங்க. கிளிப்பு தொறந்தபடியே இருக்குது. யாருங்க போட்டது?" என்றவன், இடுக்கியை உள்ளே விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பச்சைக் கண்ணாடித் துண்டு. வளைந்திருந்தது.

நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அன்றைக்குக் கேட்ட சத்தம் இதுதானா?"

"ஆமா."

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"பிள்ளைக்கு வளையல் போடப் போற நேரத்துல எங்கையில வளையல் ஒடைஞ்சிட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்? வாயில வருமா?"

"இது என்ன பைத்தியக்காரத்தனம்? சொல்லியிருந்தால்?"

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"கண்ணாடி உடைவதற்கும் கர்ப்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று விளக்கியிருப்பேன்."

"அதான்" என்றாள்.

அந்த மெக்கானிக் சிரித்தான். சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு சின்ன உண்மையை மறைத்ததால் ஓர் எஞ்சினின் தலைப் பகுதியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டே போய்விட்டது. நான் அதைத்தான் அங்கே நின்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஒலியை நான் சரியாகக் கேட்டேன். ஒலியின் மூலத்தை மறைத்தது யார்? அவள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "கிளிப்பு அசையுதுன்னு சொன்னேன்லா. வாசன வருதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்லா." சொன்னாள், மறுக்கவில்லை. ஆனால் ஆதாரம் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் சொல்வதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியுமா?

தர்மபுரியிலிருந்து பஸ். அவள் மடியில் வளையல் பெட்டி, என் மடியில் அதிரச டின். சாயங்காலம் ஓசூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். சம்பந்தி தெருவுக்கே வந்துவிட்டார். "வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. காரை எங்க நிப்பாட்டியிருக்கீங்க?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். ஸ்பிரிங் கிளிப் வரைதான் வந்திருப்பேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, வழில நிக்காத வண்டி உண்டா? பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றார். குரலில் அவ்வளவு பெருந்தன்மை. அந்த மனிதர் சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது.

மங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தாள். "அப்பா, வண்டி வரலியா?"

"தர்மபுரியில் இருக்கிறது. அம்மா ஒரு விஷயத்தை மறைத்துவிட்டாள்" என்றேன்.

அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். அது வெறும் கையாக இருந்தது. தங்க வளையல்களைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்து பெட்டியிலேயே வைத்திருந்தாள். மங்கை இரண்டு படி இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம், "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் விளக்கமாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை.

மறுநாள் வளைகாப்பு நன்றாக நடந்தது. முடிந்ததும் ஆவுடை சம்பந்தியம்மாளிடம் போய், "மதினி, நான் இங்கயே கொஞ்ச நாள் இருந்துக்கிடட்டுமா? பிள்ளை பேறுகாலம் முடியிற வரைக்கும்" என்று கேட்டாள். சம்பந்தியம்மாள், "இதென்ன கேள்வி மதினி?" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பெண்ணுக்குத் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதற்கு எந்த விஞ்ஞான ஆதாரமும் இல்லை என்று நானே சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து நான் மட்டும் போய் வண்டியை எடுத்து வந்தேன். தலைப் பகுதி முழுக்கப் புதிது. ரசீது இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கு அவன் பைபாஸ் போட்டுவிட்டான், என்னைக் கேட்கவில்லை. கொள்கையளவில் அது தவறு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு கசிந்ததில்லை.

பேத்தி ஆனியில் ஓசூரிலேயே பிறந்தாள். மூன்று கிலோ. போட்டோ அனுப்பியிருக்கிறார்கள், இதோ. மங்கை கத்தவே இல்லையாம். சம்பந்தி பெருமையாகச் சொன்னார்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? ஓட்டிப் பார்க்கவா? பாருங்கள். பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புங்கள், கியரை மிதமாகப் போடுங்கள், இது டிராக்டர் அல்ல.

இரண்டாவது சாவியா? இருக்கிறது. வண்டியை விற்கப் போகிறேன், உன்னிடம் இருக்கிற கார்ச் சாவியை மட்டும் அனுப்பு என்று ஓசூரிலேயே இருக்கிற ஆவுடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். நேற்றுத்தான் கூரியரில் வந்தது. ஒரு நிமிடம் பொறுங்கள், அவளிடம் இருந்த எங்கள் வீட்டுச் சாவியும் இதிலேயே கோத்திருக்கிறது. கழற்றிவிட்டுத் தருகிறேன்.